பொருள்: ஜாயின்ட் அட்டென்ஷன் – தமிழில் எப்படிச் சொல்வது?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஆட்டிசத்தின் தொடக்க அறிகுறிகள் பற்றிப் பெற்றோருக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். (மதியிறுக்கம் என்று எழுதவில்லை. பெற்றோர் ஆஸ்பத்திரியில் கேட்கும் சொல் ஆட்டிசம்தான்.) பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமை, முகம் பார்த்துச் சிரிக்காமை எல்லாம் எளிதாக வந்துவிட்டன. 'ஜாயின்ட் அட்டென்ஷன்' வந்ததும் இரண்டு நாளாக நகரவில்லை.

தெருவில் நாய் போகிறது. குழந்தை அதைப் பார்க்கிறது, சட்டென்று அம்மா முகத்தைப் பார்க்கிறது, மறுபடி நாயைப் பார்க்கிறது. 'நீயும் பார்த்தியா?' என்று கேட்கிற திரும்பல் அது. முதல் பிறந்த நாளுக்கு முன்பே அரும்பி, ஒன்றரை வயதில் நன்றாகத் தெரியும். ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளிடம் தாமதமாக வரும், அல்லது அரிதாகவே இருக்கும்.

'கூட்டுக் கவனம்' என்றால் எனக்குக் கூட்டு, பொரியல்தான் ஞாபகம் வருகிறது. 'இணைக் கவனம்' என்றால் கடைசிவரை சந்திக்காத இணைகோடுகள். 'பகிர்கவனம்' என்று வைத்திருக்கிறேன். சரியா?

---

ஐயா, வணக்கம்.

வினைத்தொகையாக நன்றாக இருக்கிறது. ஆனால் கவனம் மனசுக்குள் நடப்பது. வீட்டில் பெற்றோர் கண்ணில் படுவது பார்வை. 'பகிர்நோக்கு' என்று வைத்தால் என்ன?

அப்புறம், அடுத்த பக்கத்தில் விரல் நீட்டுவது வருமே, அதை வெறும் 'சுட்டல்' என்று விட்டுவிடாதீர்கள். அலமாரி மேலிருக்கும் பிஸ்கட் வேண்டும் என்று நீட்டுவது ஒன்று. வானத்தில் போகும் விமானத்தை நமக்குக் காட்ட நீட்டுவது வேறொன்று. ஆட்டிசத்தில் முக்கியமாகக் குறைவது இரண்டாவதுதான். 16 முதல் 30 மாதக் குழந்தைகளிடம் ஆட்டிச அறிகுறி இருக்கிறதா என்று பெற்றோரிடம் கேட்டறியும் எம்-சாட்-ஆர் வினாப்பட்டியலிலும் 6ஆம் கேள்வி முதல் வகைக்கு, 7ஆம் கேள்வி இரண்டாம் வகைக்கு. பேச்சுப் பயிற்சிக்கு என்னிடம் வரும் அம்மாக்கள், "கை நீட்டிக் கேட்கிறானே மேடம்" என்று நிம்மதியாகச் சொல்வார்கள். பிஸ்கட்டுக்கா விமானத்துக்கா என்று நான் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும்.

'காட்டுச்சுட்டு' என்று எழுதிப் பார்த்தேன், காட்டைக் கொளுத்தியதுபோல் இருக்கிறது! 'வேண்டுசுட்டு', 'பகிர்சுட்டு' என்று பிரிக்கலாம்.

---

நன்றி அம்மா. வேண்டுசுட்டு, பகிர்சுட்டு இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

பகிர்நோக்கில் மட்டும் தயக்கம். பார்வையில்லாத குழந்தை பொம்மையைத் தொட்டும் ஓசையைக் கேட்டும் அம்மாவோடு இதே பகிர்வைச் செய்யும். 'நோக்கு' என்றால் அந்தக் குழந்தை வெளியே நின்றுவிடும். கவனமே இருக்கட்டும்.

கையேட்டில் 'பகிர்கவனம்' ஒரே ஒருமுறைதான் வரும். அதன் கீழே பெற்றோருக்கான கேள்வி: "உங்கள் குழந்தை எதையாவது பார்த்துவிட்டு, நீங்களும் பார்த்தீர்களா என்று திரும்பிப் பார்க்கிறதா?" இல்லை என்றால் ஆட்டிசம் என்று முடிவுகட்ட வேண்டாம், ஆனால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள் என்று அடுத்த வரி. 'திரும்பி' இடத்தில் 'உங்கள் பக்கம்' என்று போட்டால் பார்வையில்லாத குழந்தைக்கும் பொருந்துமா?