ஸ்டீயரிங் கப்ளர் மாற்றியவர்கள் வாருங்கள்: உங்கள் வண்டியில் என்ன நடந்தது?

பழைய பீட்டில்

1967 ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார். ஸ்டீயரிங் தண்டையும் அதற்குக் கீழே சக்கரங்களைத் திருப்பும் ஸ்டீயரிங் பாக்ஸையும் இணைக்கும் வட்டுதான் கப்ளர். ரப்பருக்குப் பதிலாகப் பாலியூரிதேன் (கெட்டியான பிளாஸ்டிக்) கப்ளர் போட்டு மூன்று வாரம் ஆகிறது, இன்னும் மனம் ஆறவில்லை.

பழைய ரப்பர் வட்டைக் கழற்றியபோது போல்ட் துளைகளைச் சுற்றி நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு. ஸ்டீயரிங் ஆட்டம் எங்கிருந்து வந்தது என்பது அப்போதே புரிந்துவிட்டது. புதியதை மாட்டி, நட்டுகளை இறுக்கி, ஓட்டிப் பார்த்தேன். ஆட்டம் அடியோடு போயிருந்தது. அவ்வளவு மகிழ்ச்சி.

திரும்பும் வழியில், நின்றிருந்த லாரிக்குப் பின்னாலிருந்து ஒரு சிறுவன் சைக்கிளை உருட்டிக்கொண்டு குறுக்கே வந்தான். ஹாரனை அழுத்தினேன். சத்தமே இல்லை. நல்லவேளையாக பிரேக் பிடித்தது. அவன் என்னைப் பார்க்காமலேயே கடந்து போய்விட்டான். வண்டி நின்ற பிறகும் என் உள்ளங்கை ஹாரன் பொத்தானை அழுத்தியபடியே இருந்தது.

காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஹாரனுக்கு எர்த் ஸ்டீயரிங் தண்டு வழியாகத்தான் போகிறது. நடுவில் இருக்கும் வட்டு மின்சாரத்தைக் கடத்தாது. அதைத் தாண்டி இரண்டு பக்கத்தையும் இணைக்கும் குட்டி வயரைப் பழைய வட்டோடு சேர்த்துக் குப்பையில் போட்டிருக்கிறேன். விரலளவு வயர்!

நாலு போல்ட்

உங்களுக்கு பிரேக்காவது கைகொடுத்தது. எனக்கு நடந்ததை வீட்டில் இன்றுவரை சொல்லவில்லை.

ரப்பர் கப்ளரை எடுத்துவிட்டு யுனிவர்சல் ஜாயிண்ட் (எந்தப் பக்கமும் மடங்கும் இரும்பு இணைப்பு) போட்டேன். இறுக்கும் போல்ட் துளைக்குள் போக மறுத்தது. ஜாயிண்டைச் சற்றுப் பின்னால் தட்டினேன், போல்ட் வழுக்கிக்கொண்டு போனது. சரியாக உட்கார்ந்துவிட்டது என்று நம்பினேன். உண்மையில் அந்த போல்ட் தண்டில் வெட்டியிருக்கும் பள்ளத்தின் வழியாகப் போயிருக்க வேண்டும். நானோ தண்டின் முனைக்கு அப்பால் செருகியிருக்கிறேன். தண்டைச் சுற்றியுள்ள பற்களின் நுனி மட்டுமே கவ்வியிருந்தது.

இரண்டு நாள் ஓட்டினேன். மூன்றாம் நாள் வண்டியை நிறுத்திவிட்டு, இறங்குவதற்காக ஸ்டீயரிங்கைப் பிடித்து எழுந்தேன். அது என் மார்பை நோக்கி ஓர் அங்குலம் நகர்ந்து வந்தது. எந்தத் தடையும் இல்லை, மேசை இழுப்பறை திறப்பது போல. வண்டி நின்றுகொண்டிருந்தது. அதற்குச் சற்று முன்புதான் பாலத்தின் வளைவில் திரும்பியிருந்தேன்.

இப்போது ஜாயிண்டுக்கும் தண்டுக்கும் குறுக்கே மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுத்து வைத்திருக்கிறேன். வண்டியை எடுக்கும் ஒவ்வொரு முறையும் குனிந்து பார்க்கிறேன்.

ஸ்பேனர் பெட்டி

நாலு போல்ட் அவர்களே, கோபிக்காதீர்கள், ரப்பரை நீக்கியதே முதல் தவறு. சாலையின் அதிர்வு கைக்கு வராமல் தடுப்பதும், தண்டும் பாக்ஸும் மயிரிழை விலகி நின்றால் அதைத் தாங்கிக்கொள்வதும் அந்த வட்டுதான். வடிவமைத்தவர்கள் காரணமில்லாமல் அங்கே வைக்கவில்லை.

என் அனுபவம் சின்னது. பூட்டும்போது ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டேன். 36 பல் உள்ள தண்டில் ஒரு பல் என்றால் 10 டிகிரி. ஸ்டீயரிங் கோணலாக நின்றது. பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியான டை ராடைத் திருகி நேராக்கினேன். ஒரு மாதம் கழித்து, நேராக ஓட்டும்போதுதான் வண்டி அலைகிறது என்று கண்டேன்.

இனி மாற்றப்போகிறவர்களுக்கு: ஸ்டீயரிங் பாக்ஸின் பற்கள் நடுநிலையில்தான் மிக நெருக்கமாகக் கவ்வும். டை ராடைத் தொட்டால் ஸ்டீயரிங் கண்ணுக்கு நேராகத் தெரியும், பாக்ஸோ நடுவை விட்டு விலகி நிற்கும். ஆகவே கழற்றும் முன் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எத்தனை சுற்று என்று எண்ணி, பாதியில் நிறுத்தி, தண்டிலும் கப்ளரிலும் குறி போடுங்கள். ஆட்டம் போகவில்லையே என்று பாக்ஸின் சரிசெய்யும் திருகை முறுக்காதீர்கள், பற்கள் தேய்ந்துபோகும். ஒருவரை உட்காரவைத்து ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் அசைக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் கப்ளரின் இரண்டு பக்கத்திலும் விரல் வையுங்கள். மேல்பக்கம் அசைந்து கீழ்ப்பக்கம் தாமதித்தால் கோளாறு கப்ளரில். இரண்டும் சேர்ந்து அசைந்தும் சக்கரம் அசையவில்லை என்றால் அதற்கும் கீழே தேடுங்கள். இரண்டு யுனிவர்சல் ஜாயிண்ட் போடுகிறவர்கள் நடுத்தண்டின் இருமுனைக் கவைகளும் ஒரே வரிசையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஒரு சுற்றுக்குள்ளேயே ஸ்டீயரிங் இருமுறை கனத்து இருமுறை இலேசாகும். பழைய நட்டுகளைத் திரும்பப் போடவே போடாதீர்கள்.

நாலு போல்ட்

ஐயா, என் வண்டியில் எக்ஸாஸ்ட் குழாய் கப்ளரை ஒட்டியே போகிறது. மூன்று ரப்பர் வட்டுகள் வெந்து பொடிந்த பிறகுதான் ஜாயிண்டுக்குப் போனேன். தவறு ஜாயிண்டில் இல்லை. போல்ட் பள்ளத்தில் விழுந்ததா என்று பார்க்காத என் கையில்.

சுற்றுகளை எண்ணிப் பார்ப்பது பற்றிச் சொன்னதை ஏற்கிறேன்.

மாலை வேளை

இதுவரை வாசிக்க மட்டுமே செய்தவன். பிரேக் பிடித்தது என்று முதலில் ஒருவர் எழுதியிருந்தார். அந்த வரி என்னைத் தூங்கவிடவில்லை.

நான் செய்த தவறு, ஒரு போல்ட்டைத் தலைகீழாகச் செருகியது. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஸ்டீயரிங்கை முழுச் சுற்று சுற்றும்போது ஓரிடத்தில் மெல்லிய உரசல். புதுக் கப்ளர், கொஞ்சம் ஓடினால் பழகிவிடும் என்று பத்து நாள் விட்டுவைத்தேன்.

ஒரு மாலை டார்ச்சோடு அடியில் படுத்து, மகளிடம் ஸ்டீயரிங்கை மெதுவாகத் திருப்பச் சொன்னேன். நட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்த போல்ட்டின் முனை சுற்றி வந்து பிரேக் குழாயின் மேல் தேய்த்துக்கொண்டு போனது. தூசி படிந்த கறுத்த குழாய். அதில் அந்த ஓரிடம் மட்டும் புதுக் காசு போல மின்னியது. விரலை வைத்துப் பார்த்தேன், பள்ளம் தட்டுப்பட்டது.

“போதுமா அப்பா, இன்னும் திருப்பட்டுமா?” என்று மேலிருந்து கேட்டாள். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

குழாயை மாற்றி, போல்ட்டைத் திருப்பிப் போட்டுவிட்டேன். வெட்டியெடுத்த பழைய துண்டு இன்னும் என் மேசையில் இருக்கிறது.