ஏழு கிளை பேக்கரிக்குச் சந்தா முறை நெட்வொர்க் தேவையா, இல்லை வெண்டர் நம் தலையில் மிளகாய் அரைக்கிறாரா?

பட்டர்பன்_அம்பத்தூர்:

வணக்கம். எங்கள் யூனிட்டும் ஆபீஸும் அம்பத்தூரில். கடைகள் ஏழு: அண்ணா நகர், வடபழனி, வளசரவாக்கம், போரூர், குரோம்பேட்டை, வேளச்சேரி, மடிப்பாக்கம். பில்லிங் சர்வர் அம்பத்தூரில் இருக்கிறது, கடைப் பையன்கள் ரிமோட் டெஸ்க்டாப்பில் உள்ளே வந்துதான் பில் போடுகிறார்கள். ராத்திரி ஒன்பதரைக்குள் ஒவ்வொரு கடையும் மறுநாளுக்கான இண்டென்ட் (எது எவ்வளவு வேண்டும் என்ற பட்டியல்) அனுப்பியாக வேண்டும். அது வரவில்லை என்றால் மாஸ்டர் குத்துமதிப்பாக மாவு பிசைந்துவிடுவார், மறுநாள் ஒரு கடையில் பஃப்ஸ் மிஞ்சிக் கிடக்கும், இன்னொரு கடையில் பதினோரு மணிக்கே தீர்ந்து, வந்தவர்கள் திட்டிவிட்டுப் போவார்கள்.

பிரச்சினை நெட்தான். ஆற்காடு ரோட்டில் மெட்ரோ வேலை தொடங்கியதிலிருந்து அந்தப் பக்கத்துக் கடைகளில் வாரத்துக்கு ஒரு முறையாவது கேபிள் அறுகிறது. இப்போது ஒரு வெண்டர் வந்து எஸ்டி-வான் என்கிறார். கடைக்கு ஒரு பெட்டி, எல்லாவற்றையும் கிளவுடிலிருந்தே பார்த்துக்கொள்ளலாமாம். ஒரு இடத்துக்கு மாதம் 3,800 ரூபாய், எட்டு இடம், மூன்று வருடப் பணத்தையும் முன்கூட்டியே கட்ட வேண்டும். 18 சதவீதம் ஜிஎஸ்டியோடு கூட்டிப் பார்த்தால் 13 லட்சத்தைத் தொடுகிறது, பிராட்பேண்ட் பில் தனி. "இந்தக் காசுக்கு இன்னொரு ஓவன் வாங்கிடலாமேடா" என்கிறார் அப்பா. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பெருங்குடி_பாக்கெட்:

சார், முதலில் ஒன்று. அந்தப் பெட்டி நெட் தருவதில்லை. உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் இரண்டு மூன்று லைன்களைச் சேர்த்து மேய்ப்பதுதான் அதன் வேலை. ஒவ்வொரு லைனிலும் எவ்வளவு பாக்கெட் (டேட்டாத் துண்டு) தொலைகிறது, எவ்வளவு தாமதம் என்று ஓயாமல் அளந்துகொண்டே இருக்கும், ஒன்று மோசமானால் மற்றதுக்கு மாற்றிவிடும், கடைக்கும் அம்பத்தூருக்கும் நடுவில் ஐபிசெக் சுரங்கம் (இன்டர்நெட்டிலேயே பூட்டுப் போட்ட தனி வழி, விபிஎன்) போட்டு வைக்கும். கடைக்கு ஒரே லைனை வைத்துக்கொண்டு இதை வாங்கினால், லைன் அறுந்ததை டாஷ்போர்டில் சிவப்பாகக் காட்டும், அதற்கு மேல் எதுவும் நடக்காது.

அப்படியென்றால் சந்தா எதற்கு? மேய்ப்பதற்கு. புதுக் கடை திறந்தால் பெட்டியைக் கூரியரில் அனுப்பிவிடலாம், கடைப் பையன் ஒயரைச் சொருகினால் போதும், மீதி செட்டிங்கை அதுவே கிளவுடிலிருந்து இழுத்துக்கொள்ளும். நிறையப் பேருக்கு ஒரு பயம் இருக்கிறது, நம் பில் எல்லாம் கிளவுட் வழியாகப் போகுமா என்று. பெரும்பாலான தயாரிப்புகளில் போகாது. கிளவுடில் இருப்பது நிர்வாகம் மட்டும்தான், டேட்டா கடையிலிருந்து நேராக அம்பத்தூருக்குப் போகும். டாஷ்போர்டு ஒரு மணி நேரம் படுத்துவிட்டாலும் கடை ஓடும்.

வெண்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி: பணம் கட்டுவதை நிறுத்தினால் மறுநாள் என்ன நடக்கும்? இதில் பிராண்டுக்குப் பிராண்டு மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். சிஸ்கோ மெராக்கியின் பழைய லைசன்ஸ் முறையில், காலம் முடிந்த பிறகு 30 நாள் அவகாசம், அதற்கப்புறம் பெட்டி வேலையே செய்யாது. ஃபோர்ட்டிகேட்டில் சந்தா முடிந்தாலும் ரவுட்டிங்கும் விபிஎன்னும் ஓடிக்கொண்டிருக்கும், பாதுகாப்பு அப்டேட்கள்தான் நிற்கும். யூனிஃபையில் வழக்கமான பயன்பாட்டுக்கு லைசன்ஸ் கட்டணமே கிடையாது, ஆனால் கண்ட்ரோலரை (பெட்டிகளை நிர்வகிக்கும் சாஃப்ட்வேர்) நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று வருடம் முன்பணம் என்பதால் இன்னொன்று: வெலோகிளவுட் என்ற எஸ்டி-வான் கம்பெனியை 2017-ல் விஎம்வேர் வாங்கியது, 2023-ல் விஎம்வேரையே பிராட்காம் வாங்கியது, 2025-ல் வெலோகிளவுட் அரிஸ்டாவிடம் போனது. கையெழுத்துப் போடும்போது ஒரு முதலாளி, ரின்யூவல் வரும்போது வேறு முதலாளி.

ரிச்சித்தெரு_ரவுட்டர்:

13 லட்சமா! அப்பா சொல்வதுதான் சரி, ஓவனை வாங்குங்கள் 😄

எட்டு மைக்ரோடிக் ரவுட்டர் வாங்கி வயர்கார்ட் (இலவச விபிஎன்) போட்டால் வேலை முடிந்தது. மைக்ரோடிக்கின் சாஃப்ட்வேரான ரவுட்டர்ஓஎஸ் 7-லேயே அது உள்ளே இருக்கிறது, லினக்ஸ் கர்னலில் 2020-லேயே சேர்த்துவிட்டார்கள், புதுசும் இல்லை, ரகசியமும் இல்லை. அம்பத்தூரில் மட்டும் ஒரு ஸ்டாட்டிக் ஐபி (மாறாத இன்டர்நெட் முகவரி) வேண்டும். கடைகளில் வேண்டாம், அங்கே லைன் சிஜிநாட்டுக்குப் (பல வாடிக்கையாளர்களுக்கு ஒரே பொது முகவரி) பின்னால் இருந்தாலும் பரவாயில்லை, கடையிலிருந்துதானே கூப்பிடப் போகிறோம், கீப்அலைவ் (லைன் சும்மா இருக்கும்போதும் அனுப்பும் சிறு சிக்னல்) 25 வினாடி என்று வைத்தால் சுரங்கம் மூடாமல் நிற்கும்.

ஆனால் ஒன்று. உங்கள் ஏழு கடையிலும் ரவுட்டர் முகவரி 192.168.1.1 என்றுதான் இருக்கும், பந்தயம் கட்டுகிறேன். கம்பெனியிலிருந்து வந்தபடியே விட்டிருப்பார்கள். ஒரே எண்ணை வைத்துக்கொண்டு கடைகளை இணைத்தால் எந்த பிரிண்டர் எந்தக் கடையில் என்று யாருக்கும் தெரியாது. கடைக்குக் கடை வேறு வரிசையாக, 10.10.1, 10.10.2 என்று மாற்றுங்கள். எந்தப் பெட்டி வாங்கினாலும் இதைச் செய்துதான் ஆக வேண்டும்.

அப்புறம், இப்போது ரிமோட் டெஸ்க்டாப்பை எப்படி வெளியே திறந்து வைத்திருக்கிறீர்கள்?

பட்டர்பன்_அம்பத்தூர்:

ஆமாம் ஜி, ஏழிலும் 192.168.1.1 தான் 🙈 ரிமோட் டெஸ்க்டாப்புக்கு ரவுட்டரில் 3389 போர்ட்டை (ரிமோட் டெஸ்க்டாப் உள்ளே வரும் வாசல்) ஃபார்வர்ட் செய்திருக்கிறோம். நாலு வருடமாக அப்படியேதான் ஓடுகிறது.

பெருங்குடி_பாக்கெட்:

சார், எந்த முடிவும் அப்புறம். இன்றைக்குக் கடை மூடியதும் முதல் வேலையாக அதை மூடுங்கள். 3389-ஐ இன்டர்நெட்டில் திறந்து வைப்பது கல்லாப்பெட்டியை நடைபாதையில் வைத்துவிட்டுத் தூங்கப் போவது மாதிரி. ரான்சம்வேர் கும்பல்கள் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பவர்கள்) அதிகம் நுழையும் வாசல்களில் இது ஒன்று, பாஸ்வேர்டை மெஷினே நாளெல்லாம் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும். நாலு வருடம் தப்பித்தது அதிர்ஷ்டம். ரிச்சித்தெரு தம்பி சொன்ன வயர்கார்டை சர்வரிலும் கடைக் கம்ப்யூட்டர்களிலும் மட்டும் தற்காலிகமாகப் போட்டால்கூட நாளைக் காலை கடை ஓடும்.

லேப்_தாம்பரம்:

நாங்கள் ரத்தப் பரிசோதனை லேப், கலெக்‌ஷன் சென்டர் பதினொன்று. மூன்று வருடமாகச் சந்தா முறையில்தான் இருக்கிறோம் (பெயர் வேண்டாம்), நல்லதும் கெட்டதும் சொல்கிறேன்.

நல்லது: எங்களிடம் ஐடி ஆள் கிடையாது. தம்பி ஒருவர் இதற்கு முன் எல்லாவற்றையும் கைப்படச் செட் செய்து கொடுத்திருந்தார், அருமையாக ஓடியது, அவர் பெங்களூருக்கு வேலைக்குப் போனார், பாஸ்வேர்டும் அவரோடு போனது. இப்போது எந்த சென்டரில் எது விழுந்தது என்று போனிலேயே தெரிகிறது.

கெட்டது: ரின்யூவல் மெயில், வேலையை விட்டுப் போன ஒரு பெண்ணின் ஐடிக்குப் போய்க்கொண்டிருந்தது. அவகாசம் முடிய இரண்டு நாள் இருக்கும்போதுதான் தற்செயலாகக் கண்ணில் பட்டது. கட்டி முடிக்கும்வரை எனக்குத் தூக்கம் இல்லை. அக்கவுண்ட் உங்கள் கம்பெனி மெயிலில், உங்கள் பெயரில் இருக்கட்டும், வெண்டர் பெயரில் வேண்டாம்.

இன்னொன்று. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் வேளச்சேரி சென்டரில் ஃபைபர் இரண்டும் ஒன்றாகப் போயின, இரண்டு கம்பெனியும் ஒரே கம்பத்தில்தான் கேபிள் கட்டியிருந்தார்கள். சரி, சிம் இருக்கிறதே என்றால் கரண்ட் இல்லாமல் டவரும் படுத்துவிட்டது. அந்த மாதிரி நாளில் எந்தப் பெட்டியும் உதவாது. நெட் இல்லாமல் பில் போட்டு, நெட் வந்ததும் தானாக அனுப்புகிற மாதிரி சாஃப்ட்வேரை மாற்றினோம், அதுதான் எங்களைக் காப்பாற்றியது. உங்கள் பில்லிங்கில் அந்த வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். ரிமோட் டெஸ்க்டாப்பில் அது நடக்காது.

கடையில் உட்கார்ந்து சாப்பிடும் கணக்கு 5 சதவீத ஜிஎஸ்டியில் போகிறதா? அந்த விற்பனைக்கு இன்புட் கிரெடிட் கிடையாது, அதனால் அந்த 18 சதவீதம் முழுசாகத் திரும்பி வரும் என்று நினைக்காமல் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ரிச்சித்தெரு_ரவுட்டர்:

மேடம் சொன்ன பெங்களூர் தம்பி நான் இல்லை 😅 ஆனால் பாயிண்ட் சரி. செட் செய்கிறவரிடம் கான்ஃபிக் பேக்கப்பையும் பாஸ்வேர்டையும் கவரில் வாங்கிப் பீரோவில் வையுங்கள், அப்புறம் பேமென்ட் கொடுங்கள்.

பட்டர்பன்_அம்பத்தூர்:

எல்லோருக்கும் நன்றி. 3389-ஐ நேற்று ராத்திரியே மூடியாச்சு, தற்காலிக வயர்கார்டில் கடைகள் ஓடுகின்றன, குரோம்பேட்டைப் பையன் மட்டும் இரண்டு முறை போன் செய்தான். மூன்று வருடம் முடியாது, வருடாவருடம் என்றால் பேசலாம் என்று வெண்டரிடம் சொன்னேன், உடனே விலை இறங்கியது, அதைப் பார்த்து அப்பாவுக்குச் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது. பில்லிங் கம்பெனியிடம் ஆஃப்லைன் வெர்ஷன் இருக்கிறதாம், அதைத்தான் முதலில் வாங்கப் போகிறோம். பெட்டி அப்புறம், அதுவும் வடபழனியிலும் போரூரிலும் மட்டும் போட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

வடபழனியில் இரண்டாவது லைன் எந்த வழியாக வரும் என்று இன்று காலை அந்தக் கம்பெனி ஆளைக் கூட்டிப்போய்ப் பார்த்தேன். இப்போதிருக்கும் கேபிள் எந்த வேப்பமரத்தில் கட்டியிருக்கிறதோ, அதே மரத்தைத்தான் அவரும் காட்டுகிறார்.

லேப்_தாம்பரம்:

அப்போ அங்கே இரண்டாவதுக்கு சிம்மே போடுங்கள் சார்.