‘பாப்ரிகா’: கனவு எந்த ஷாட்டில் தொடங்குகிறது?

மாடிவீடு:

சடோஷி கோன் இயக்கிய ‘பாப்ரிகா’ என்ற ஜப்பானிய அனிமேஷன் படத்தை (2006) இந்த வாரம் இரண்டு முறை பார்த்துவிட்டேன். 90 நிமிடப் படம்தான். ஆனால் ஓர் இடம் என்னைத் தூங்கவிடவில்லை. டாக்டர் அட்சுகோ சிபா, காணாமல்போன சக ஆய்வாளர் ஹிமுரோவைத் தேடி அவன் வீட்டுக்குப் போகிறாள். உள்ளே ஒரு மறைவழி. அதற்கு அப்பால் கேளிக்கைப் பூங்கா. ஒரு பொம்மையைப் பின்தொடர்ந்து வேலியைத் தாண்டப்போகிறாள். அடுத்த நொடி அது வேலி இல்லை, அடுக்குமாடியின் பால்கனிக் கம்பி! அவள் படுத்துத் தூங்கவில்லை, அடுத்தவர் கனவுக்குள் நுழைய உதவும் டிசி மினி கருவியையும் மாட்டியிருக்கவில்லை. பிறகு எந்த நொடியில் கனவுக்குள் போனாள்? எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் ‘இதோ, இங்கேதான்’ என்று விரல் வைக்க முடியவில்லை.

இன்னொரு சந்தேகம். கருவி திருட்டுப்போன கதையில் போலீஸ் அதிகாரி கொனகாவா எதற்கு? அவருடைய பகுதியை எடுத்துவிட்டாலும் கதை நிற்கும் போலிருக்கிறதே.

கத்தரிக்கோல்:

பதினோரு வருடமாகக் கல்யாண வீடியோக்களைத் தொகுத்துவருகிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: விரல் வைக்க இடம் கிடைக்காமல் இருக்கவேண்டும் என்றுதான் அது அப்படி ஒட்டப்பட்டிருக்கிறது.

மணப்பெண் காரிலிருந்து இறங்குகிறாள். சரியாக அந்த நேரத்தில் யாரோ ஒரு பெரியவர் கேமராவுக்குக் குறுக்கே வந்துவிடுகிறார். நான் என்ன செய்வேன்? சேலை மடிப்பைப் பிடிக்கக் கை கீழே போகிறதல்லவா, அந்த அசைவின் நடுவில் வெட்டி, இன்னொரு கேமராவில் அதே கை மேலே வரும் இடத்தில் ஒட்டுவேன். பார்ப்பவர் கண் கையைப் பிடித்துக்கொண்டு போய்விடும். பின்னால் நின்ற ஆட்கள் மாறியதைக் குடும்பத்தாரே கவனிக்கமாட்டார்கள். நான் குறையை மறைக்கச் செய்வதைக் கோன் உலகத்தையே மாற்றுவதற்குச் செய்கிறார். வேலி தாண்டும் உடம்பைத்தான் நீங்கள் பார்த்தீர்கள். அந்த உடம்பு உங்களைப் பால்கனிக்குக் கூட்டிப்போய்விட்டது.

படத்தின் முதல் சில நிமிடங்களைத் திரும்பப் பாருங்கள். கொனகாவாவின் கனவு அது. சர்க்கஸ் கூண்டில் அவரை நோக்கி ஓடிவரும் கூட்டம் முழுவதற்கும் அவருடைய முகமே இருக்கிறது. அங்கிருந்து விழுந்தவர் காட்டில் கொடியில் ஊசலாடுகிறார், பிறகு ரயில் பெட்டியில் கழுத்து நெரிபடுகிறார். இடம் சிதறிக்கொண்டே போகிறது. அசைவு மட்டும் அறுபடவில்லை.

எனக்கு ஆறு மணி நேரக் காட்சி கையில் இருக்கும், பொறுக்கிக்கொள்ளலாம். கையால் வரையும் படத்தில் மிச்சக் காட்சி என்று எதுவும் கிடையாது. எங்கே வெட்டு என்பதை வரைவதற்கு முன்பே முடிவுசெய்தாக வேண்டும். கோன் தன் படங்களின் காட்சிப் பலகைகளை (ஷாட் ஷாட்டாக முன்கூட்டியே வரையும் ஸ்டோரிபோர்டு) தானே மிக நுணுக்கமாக வரைந்தவர். அதாவது, அந்த வேலியும் பால்கனியும் காகிதத்திலேயே ஒட்டப்பட்டுவிட்டன.

இனி கொனகாவா. அவரை எடுக்கச் சம்மதிக்கமாட்டேன்! சினிமாவே பிடிக்காது என்று முறைக்கும் அவர், ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசவாவைப் போலத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்து, அட்சுகோவின் கனவு வடிவமான பாப்ரிகாவுக்குக் கேமராக் கோட்டைப் பற்றி விளக்குகிறார். இருவர் நடுவில் ஒரு கற்பனைக் கோடு, கேமரா அதைத் தாண்டக்கூடாது என்ற விதி. மாலை மாற்றும்போது கேமராக்காரர் ஒருவர் மணமகன் பின்னாலும் இன்னொருவர் மணவறைக்கு எதிர்ப்பக்கமும் நின்றுவிட்டால், வலப்பக்கம் பார்த்த பெண் அடுத்த ஷாட்டில் இடப்பக்கம் பார்ப்பாள். தன் மாலையைத் தனக்கே போட்டுக்கொள்வதுபோல் ஆகிவிடும். அந்தக் கோடுதான். கனவு எப்படித் தைக்கப்படுகிறது என்று படத்துக்குள் இருக்கும் ஒருவரே நமக்குச் சொல்லிக்கொடுக்கிறார்.

கதைக்கும் அவர் வேண்டும். அட்சுகோவின் சக ஆய்வாளர் ஒசனாயின் கையில் பாப்ரிகா சிக்கும்போது அதைத் திரையில் பார்த்து, திரைக்குள்ளேயே பாய்ந்து காப்பாற்றுபவர் அவர்தானே. பதினேழு வயதில் நண்பனோடு 8 மி.மீ. படம் எடுத்துப் பாதியில் விட்டவர். நண்பன் பின்னர் நோயில் இறந்துவிட்டான். ‘மீதிப் படம் என்ன ஆவது?’ என்ற குரல்தான் அந்த நீண்ட நடைபாதைக் கனவில் அவரைத் துரத்துகிறது. ஒசனாயை அதே நடைபாதையில் துரத்திச் சுடுகிறபோது மீதிப் படமும் முடிகிறது.

தவளைப்பாட்டு:

வெட்டு சரி, ஒலியை விட்டுவிட்டீர்களே. சுசுமு ஹிராசவாவின் இசை இல்லாமல் அந்தக் கனவு ஊர்வலத்தை நினைத்துப் பார்க்க முடியவில்லை. குளிர்பதனப் பெட்டிகள், கையாட்டும் பூனைப் பொம்மைகள், வாத்தியம் வாசிக்கும் தவளைகள், எல்லாம் திருவிழாபோல் வருகின்றன; முதல் முறை எனக்கு வயிற்றைப் பிசைந்தது. தலைமை ஆய்வாளர் ஷிமா திடீரென்று உளறத் தொடங்கும் இடமும் அப்படித்தான். குரலில் தடுமாற்றம் இல்லை, வாக்கியங்கள் மிடுக்காக வருகின்றன, அர்த்தம் மட்டும் கழன்றுவிட்டது. பேசிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பாய்கிறார்.

எனக்குக் குறை ஒன்று உண்டு. அட்சுகோவுக்கும், டிசி மினியை உருவாக்கிய டொகிடாவுக்கும் இடையிலான காதலுக்குப் படம் போதிய இடம் தரவில்லை. கடைசியில் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

மாடிவீடு:

கத்தரிக்கோல் அண்ணா, நேற்று இரவு வேலிக் காட்சியை ஒலியை அடைத்துவிட்டுப் பார்த்தேன். வெட்டு வரப்போகிறது என்று தெரிந்தும் என் கண் அவளோடுதான் போனது. தோற்றுப்போனதில் அவ்வளவு சந்தோஷம். கொனகாவாவைப் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

கடைசியில் அவர் தியேட்டர் கவுண்டரில் ‘பெரியவர் ஒன்று’ என்று டிக்கெட் கேட்கிறாரே, அங்கே மாட்டியிருக்கும் போஸ்டர்கள் உண்மையான படங்களா?

கத்தரிக்கோல்:

ஆமாம் தம்பி. ‘பெர்ஃபெக்ட் ப்ளூ’, ‘மில்லினியம் ஆக்ட்ரஸ்’, ‘டோக்கியோ காட்ஃபாதர்ஸ்’ மூன்றும் கோன் இயக்கியவை. இதற்குப் பிறகு ‘கனவு காணும் இயந்திரம்’ என்று ஒன்றைத் தொடங்கினார். 2010 ஆகஸ்ட் 24 அன்று கணையப் புற்றுநோயில் போய்விட்டார், வயது 46. அந்தப் படம் முடியவில்லை. அவர் முடித்த கடைசி நீளப்படம் இந்த டிக்கெட் கவுண்டரில்தான் நிற்கிறது. அந்த இடம் வரும்போதெல்லாம் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்துவிடுவேன்.

தவளைப்பாட்டு சொன்ன குறை எனக்கும் உண்டு, மறுக்கவில்லை.

அடுத்து ‘மில்லினியம் ஆக்ட்ரஸ்’ (2001) பாருங்கள். நடிகை சியோகோ குதிரையில், ரிக்‌ஷாவில், சைக்கிளில் என்று காலம் காலமாகத் தாவி ஓடுவாள். முதல் முறை எங்கும் நிறுத்தாதீர்கள், அவளோடு ஓடிவிடுங்கள். வெட்டுகளை மறுநாள் எண்ணிக்கொள்ளலாம்.