மறு: மறு: கட்டட ஓவியத்தின் குட்டி மனிதர்கள் – அவசரமாக ஒரு சொல்

நண்பர்களே,
நீர்வண்ணப் பாடநூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஏழாம் பாடம் ஆங்கில நீர்வண்ண ஓவியர் சாமுவேல் பிரவுட். 1819இல் பிரான்சின் நார்மண்டிக்குப் போனவர். ரூவான், கான் நகரத் தெருக்களை வரைந்தவர். கோதிக் பாணிக் கட்டட முகப்பின் அடியில் வெள்ளைக் குல்லாய்ப் பெண்கள், கூடைகள், வண்டிகள் என நிற்குமே, அதை ஓவியர்கள் 'ஸ்டஃபாஷ்' என்பார்கள். 'பக்க உருவம்' என்று போட்டேன். பக்கவாட்டுத் தோற்றம் என்று மாணவர்கள் புரிந்துகொள்கிறார்கள். வேறு தமிழ்ச் சொல் சொல்லுங்கள்.
– கு.

கு. அவர்களுக்கு,
அது ஜெர்மன் வினைக்குப் பிரெஞ்சு வால் ஒட்டிய சொல். 'அணிசெய்' என்பது பொருள். நமக்கு எதற்கு இரவல்? திணையின் கருப்பொருள்தானே இது! தொல்காப்பியர் மக்களைப் பெயர் சொல்லிச் சேர்க்கவில்லை, 'அவ்வகை பிறவும்' என்று கதவைத் திறந்துவைத்தார். நம்பியகப்பொருள் பதினான்கு கருப்பொருளில் உயர்ந்தோர், அல்லோர் இருவரையும் உள்ளே விட்டது. ஆகவே 'கருமாந்தர்'.
– இரா.

ஐயா, வேகமாக வாசித்தால் கருமாந்திரம். வேண்டாமே.
அந்த உருவங்களின் முதல் வேலை அளவு காட்டுவது. படத்தில் இரண்டு மீட்டர்க் கதவு 24 மி.மீ. என்றால் அதன் அருகில் நிற்கும் ஆள் 20 மி.மீ. ஓவியர் நின்று பார்க்கும் சமதரைத் தெருவில், கிட்டே இருப்பவரும் தொலைவில் இருப்பவரும் தலையால் ஒரே தொடுவானக் கோட்டைத் தொட வேண்டும். பாதம் மட்டும் ஏறி இறங்கும். தொலைவில் உள்ளவர் தலை கோட்டுக்குக் கீழே போனால் குள்ளராகவோ பள்ளத்தில் நிற்பவராகவோ தெரிவார். 'அளவுமாந்தர்' என்பேன்.
– வா.

அளவு மட்டுமா? சாம்பலும் பழுப்புமான சுவருக்கு முன்னால் ஒரு பொட்டுச் சிவப்பு முந்தானை கண்ணை இழுக்கிறதே, அது அளவா? போதாததற்குக் குதிரையும் உண்டு. குதிரை மாந்தரா? 'துணையுரு' போதும்.
– செ.

செ. அம்மா சொல்வது சரி. பாடத்தில் இதையும் சேருங்கள்: குல்லாய்க்கு உரிய வெள்ளைத் தாளை முதலிலேயே விட்டுவைத்து, சுற்றிச் சுவரின் கழுவலை (நீர்த்த வண்ணத்தை) பூச வேண்டும். மறந்துவிட்டு ஈரத் தூரிகையால் பிறகு துடைத்து எடுத்தால், பிரஷ்யன் நீலம் போலத் தாளில் கறைபிடிக்கும் நிறம் முழுதாக வராது. குல்லாய் அழுக்காக நிற்கும். பழுப்புக் கழுவல் காயுமுன் வெள்ளைக் கட்டிவண்ணம் (அடி நிறத்தை மறைக்கும் கெட்டி நீர்வண்ணம்) வைத்தாலோ, அடியில் உள்ள பழுப்பு கலந்து சேறாகிவிடும். அந்த வகையான துத்தநாக வெள்ளையை வின்சர் அண்ட் நியூட்டன் வண்ண நிறுவனம் விற்கத் தொடங்கியதே, பிரவுட் நார்மண்டி போய்ப் பதினைந்து ஆண்டு கழித்து, 1834இல்தான்.
– ந.

'கட்டிவண்ணம்' யார் அனுமதித்தது? அதற்குத் தனி இழை தொடங்குகிறேன். 'துணை' என்றால் மனைவி என்றும் பொருள் உண்டு என்பதையும் பதிவு செய்கிறேன்.
– இரா.

என்னையும் சேர்த்து மூன்று பேர் துணையுரு, ஒருவர் அளவுமாந்தர், இரா. ஐயா தனி. துணையுரு என்றே அனுப்புகிறேன். முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குள் ஸ்டஃபாஷ்.
– கு.

பன்மை துணையுருக்களா, துணையுருவங்களா?
– வா.