கோப்பையின் அடியில் தெரியும் முகம்: காலத்தைக் கணிப்பது எப்படி?

கேள்வி:
பழைய ஜப்பானியத் தேநீர்க் கோப்பை ஒன்றை அண்மையில் வாங்கினேன். வெளிப்புறத்தில் சாம்பல் நிற டிராகன் ஒன்று புடைத்து நிற்கிறது. உட்புறம் வெறும் வெள்ளை. ஆனால் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால், அடித்தட்டில் கொண்டையிட்ட ஒரு கெய்ஷாவின், அதாவது ஜப்பானிய ஆடல் பாடல் கலைஞியின், முகம் தெரிகிறது. இது ஜப்பானியப் பேரரசர் மெய்ஜியின் காலத்துப் பொருள் என்றார் விற்றவர். அடியில் ‘மேட் இன் ஜப்பான்’ என்று ஆங்கிலத்தில் உள்ளது. அவர் சொன்னதை நம்பலாமா?

பதில் 1:
அந்த முகத்தில் மையோ வண்ணமோ கிடையாது. லித்தோபேன் எனப்படும் இந்த முறையில், பீங்கானின் கனத்தைக் கூட்டியும் குறைத்துமே உருவத்தை அமைக்கிறார்கள். மெல்லிய கன்னத்தின் வழியே ஒளி ஊடுருவி வெளுப்பாகத் தெரியும்; தடித்த கூந்தல் ஒளியை மறைத்து இருண்டு நிற்கும். பிரான்சில் 1827 இல் காப்புரிமை பெற்ற நுட்பம் இது. ஜப்பானியர் பின்னர் இதை ஏற்றுமதிக் கோப்பைகளில் கையாண்டனர். டிராகன் வேறு வகை: குழைத்த களிமண்ணைப் பிதுக்கி மேலே புடைப்பாக இடும் அந்த வேலைக்கு மொரியாகே என்று பெயர்.

பதில் 2:
காலத்தைப் பொறுத்தவரை, முகத்தைவிட முத்திரையே நல்ல சாட்சி. இறக்குமதிப் பொருளில் அது உருவான நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற அமெரிக்க விதி 1891 இல் நடைமுறைக்கு வந்ததும், ஜப்பானியர் தம் மொழியில் நாட்டின் பெயரான ‘நிப்பான்’ என்பதைப் பொறித்தனர். அது ஜப்பானியச் சொல் என்று கூறி 1921 இல் அமெரிக்கச் சுங்கத் துறை அதை ஏற்க மறுத்ததால், ‘ஜப்பான்’ என்ற பெயர் வழக்கத்துக்கு வந்தது. மெய்ஜி காலமோ 1912 இலேயே முடிந்துவிட்டது. ஆகவே விற்றவரின் கூற்று பெரும்பாலும் பொருந்தாது. இத்தகைய கோப்பைகளில் பல, இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் இருந்த அமெரிக்கப் படையினர் நினைவுப் பொருளாக வாங்கிச் சென்றவை. ‘ஆக்குப்பைடு ஜப்பான்’ (ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்) என்ற முத்திரை இருந்திருந்தால், 1952 இல் முடிந்த அந்த ஆக்கிரமிப்புக் காலத்தை உறுதியாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் அக்காலப் பொருள்கள் எல்லாவற்றிலும் அது இருந்ததில்லை என்பதோடு, போலி முத்திரைகளும் உலவுகின்றன.

பதில் 3:
வயதைவிட விரிசலைப் பற்றியே நான் அதிகம் கவலைப்படுவேன். அடித்தட்டு மெல்லியது என்பதால் மயிரிழை விரிசல் முதலில் அங்கேதான் விழும், உருவத்தின் கோடுகளுக்கு இடையே ஒளிந்தும் கொள்ளும். இருட்டறையில் அடியிலிருந்து டார்ச் அடித்து, கோப்பையை மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். கொதிநீரையும் பாத்திரம் கழுவும் இயந்திரத்தையும் தவிர்த்துவிடுங்கள்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. டார்ச் அடித்துப் பார்த்தேன். காதணியின் சங்கிலி என்று இதுவரை நான் ரசித்துவந்த கோடு, கழுத்தையும் தோளையும் கடந்து விளிம்புவரை போகிறது.