சிங்கப்பூரில் ஒரு பகல் இறங்கிட்டுப் போக விசா வேணுமா? அவசரம்

அஸ்தம்பட்டி_மகன்:
அப்பா அம்மா ரெண்டு பேரும் அடுத்த மாசம் அக்கா வீட்டுக்குப் போறாங்க. ஒரே மூச்சுல போனா அம்மாவுக்கு முட்டி தாங்காது. நடுவுல சிங்கப்பூர்ல இறங்கி ஊரைக் கொஞ்சம் பாத்துட்டு, ரெஸ்ட் எடுத்துட்டுப் போகட்டும்னு பாக்கறோம். டிக்கெட் போட்டாச்சு. ஒரு ஏஜெண்ட் விசா வேணும்கிறார், இன்னொருத்தர் வேண்டாங்கிறார். பெட்டியை என்ன பண்றது? எந்த இடம் பாக்கலாம்? சீக்கிரம் சொல்லுங்க.

ஓமலூர்_அக்கா:
அக்கா வீடு எந்த நாட்டுல தம்பி? பதிலே அதுல தான் இருக்கு. அப்பா அம்மாவுக்கு இந்தியப் பாஸ்போர்ட் தானே? எத்தனை மணி நேர இடைவெளி?

கொண்டையூசி20:
மறுபடியும் ஒரு 'விசா வேணுமா' இழை. தேடுற பெட்டின்னு ஒண்ணு மேல இருக்கு, அதைத் தொட்டுப் பாத்தா கை சுடாது. டிக்கெட்டைப் போட்டுட்டு வந்து விசா கேக்கறதே தப்பான வரிசை.

தட்டுவடை_செட்:
சிங்கப்பூரே எதுக்கு? கோலாலம்பூர் போங்க. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 30 நாள் வரைக்கும் விசாவே இல்ல, 2026 டிசம்பர் 31 வரை நீட்டியிருக்காங்க. இறங்குறதுக்கு முந்தின மூணு நாளுக்குள்ள டிஜிட்டல் வருகை அட்டை போட்டா முடிஞ்சது. ஏர்போர்ட் ரயில் 28 நிமிஷத்துல கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷன், இறங்கினா பக்கத்துலயே பிரிக்ஃபீல்ட்ஸ்ங்கிற இந்தியர் பகுதி. இட்லி தோசைக்கு அலைய வேண்டாம். அங்கிருந்தே பத்துமலைக்கு கொமியூட்டர் ரயில்.

ஐந்துரோடு:
@தட்டுவடை_செட் அந்த ஏர்போர்ட் ரயில் ஒரு ஆளுக்கு ஒரு வழிக்கு 55 ரிங்கிட். ரெண்டு பேர் போயிட்டு வர 220. அதோட பத்துமலையில 272 படி. முட்டி வலிக்குதுன்னு தான் பையன் இழையே போட்டிருக்கான், நீங்க படி ஏறச் சொல்றீங்க.

தட்டுவடை_செட்:
கீழே நின்னு கும்பிட்டாலும் முருகன் பாப்பாரு.

அஸ்தம்பட்டி_மகன்:
மெல்போர்ன். இந்தியப் பாஸ்போர்ட் தான். காலையில 7:15-க்கு சிங்கப்பூர், ராத்திரி 9 மணிக்கு அடுத்தது. திருச்சியில இருந்து.

ஓமலூர்_அக்கா:
சரி, இப்ப சொல்லலாம். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு சிங்கப்பூர் விசா வேணும். ஆனா ஆஸ்திரேலியா, கனடா, ஜெர்மனி, ஜப்பான், நியூசிலாந்து, சுவிட்சர்லாந்து, பிரிட்டன், அமெரிக்கா, இந்த எட்டுல ஒண்ணோட செல்லுபடியாகிற விசா இருந்து, மூணாவது நாட்டுக்குப் போற வழியில இறங்கினா 96 மணி நேரம் வரைக்கும் விசா இல்லாமலே வெளிய விடுவாங்க. ரெண்டு ஏஜெண்டும் பாதிப் பாதி சரி.

இதுக்கு முன்கூட்டி விண்ணப்பம் கிடையாது, அங்க குடிநுழைவு (இமிக்ரேஷன்) அதிகாரி பாத்துக் கொடுக்கிறது தான். அதனால கையில காகிதம் இருக்கணும். ஆஸ்திரேலியா விசா பாஸ்போர்ட்டுல ஒட்டி வராது, மின்னஞ்சல்ல வரும். அந்தக் கடிதத்தை ரெண்டு பேருக்கும் தனித்தனியா பிரிண்ட் எடுங்க. சிங்கப்பூர்ல இறங்கற நாள்ல இருந்து அந்த விசா ஒரு மாசமாவது செல்லணும், பாஸ்போர்ட் ஆறு மாசம். மெல்போர்ன் டிக்கெட்டும் பிரிண்ட். இது மொத்தத்தையும் முதல்ல கேக்கப் போறது சிங்கப்பூர்க்காரன் இல்ல, திருச்சி செக்-இன் கவுண்டர். அங்க போனைத் தடவிக்கிட்டு நின்னா வரிசை பின்னாடி முறைக்கும்.

கூடவே எஸ்ஜி வருகை அட்டை, அதாவது சிங்கப்பூருக்கு இணையத்துல நிரப்புற அட்டை. இறங்கற நாளையும் சேத்து மூணு நாளுக்குள்ள, ஆளுக்கு ஒண்ணு, குடிநுழைவுத் துறையோட சொந்தத் தளத்துல. காசு கிடையாது. காசு கேக்கிற தளம் எதுவும் அவங்களோடது இல்ல.

திரும்பி வரும்போதும் இறங்கற எண்ணம் இருந்தா, விசா ஒரு தடவை நுழைவா பல தடவையா பாருங்க. ஒரு தடவை விசான்னா திரும்புற வழிக்கு நிபந்தனை கூட. அந்தத் துறையோட பக்கத்தைப் படிச்சுட்டு அப்புறம் தேதியை வைங்க.

சூரமங்கலம்_ஜங்ஷன்:
சாங்கி ஏர்போர்ட்டே இலவசமா ஊர் சுத்திக் காட்டுதே. ஐந்தரை மணியில இருந்து 24 மணி நேரம் வரைக்கும் இடைவெளி இருக்கிறவங்களுக்கு. பஸ்ல உக்காந்த இடத்துல இருந்தே பாத்துட்டு வரலாம், அம்மாவுக்கு அதைவிட வேற என்ன வேணும்?

ஐந்துரோடு:
அந்தச் சுற்றுலாவுக்குப் பேர் கொடுக்கிறது குடிநுழைவைத் தாண்டுறதுக்கு முன்னாடி, உள்பக்கத்துல. பெட்டி நேரா மெல்போர்னுக்குப் போகுதுன்னா தான் சரிப்படும். @அஸ்தம்பட்டி_மகன் ரெண்டு விமானமும் ஒரே பிஎன்ஆரா (டிக்கெட் பதிவு எண்), தனித்தனியா? இதை இன்னும் சொல்லலியே.

கொண்டையூசி20:
சொல்ல மாட்டார். பதில் எழுதறவங்க ஜோசியம் பாத்துக்கணும்.

கமலாபுரம்_ரன்வே:
திருச்சிக்கு எதுக்குப் போனீங்க? பெங்களூர்ல இருந்து போயிருந்தா எத்தனை ஏர்லைன், எத்தனை நேரம்! நம்ம சேலம் ஏர்போர்ட்டுல இருந்தே பெங்களூருக்கு விமானம் இருக்கு.

ஐந்துரோடு:
சேலத்துக்கு வர்றது ஏடிஆர்ங்கிற சின்ன விமானம். அதைத் தனி டிக்கெட்டாப் போட்டா உள்நாட்டுக் கணக்குல 15 கிலோ தான். மெல்போர்ன் பெட்டி 25, 30 கிலோ. மீதிக்குக் காசு கட்டணும். காரில போனா ஏர்போர்ட் தேவனஹள்ளியில, 230 கிலோமீட்டருக்கு மேல. தொப்பூர் கணவாய்ல ஒரு லாரி படுத்தா அங்கயே ரெண்டு மணி நேரம் போயிரும். அதைத் தாண்டினா ஓசூர், அப்புறம் பெங்களூரைக் குறுக்க வெட்டி ஹெப்பால்.

கமலாபுரம்_ரன்வே:
தொப்பூரைச் சொல்லியே எல்லாத்தையும் பயமுறுத்துறீங்க. சேலத்துல இருந்து போகும்போது அது ஏத்தம், வண்டி நிதானமாத்தான் போகும். பிரேக் பிடிக்காம ஆபத்தாகிறது தர்மபுரிப் பக்கம் இருந்து இறங்கற வண்டிங்க தான்.

சூரமங்கலம்_ஜங்ஷன்:
என்னைக் கேட்டா கோயமுத்தூர். சுமார் 160 கிலோமீட்டர், முழுக்க நாலு வழி, ஏர்போர்ட் அவினாசி ரோட்டுல நம்ம பக்கமே இருக்கு, ஊருக்குள்ள நுழையவே வேண்டாம். அங்கிருந்தும் சிங்கப்பூருக்கு விமானம் உண்டு. திருச்சி தூரம் கம்மி தான், ஆனா நாமக்கல் தாண்டினா முசிறி வழி ரோடு, ஊர் ஊரா வேகத்தடை. ஏர்போர்ட் புதுக்கோட்டை ரோட்டுல அந்தப் பக்கம்.

அஸ்தம்பட்டி_மகன்:
தனித்தனி டிக்கெட். ரெண்டும் வேற வேற கம்பெனி. அதுல 4,000 ரூபா மிச்சம் ஆச்சு.

ஐந்துரோடு:
அப்ப கதையே வேற. பெட்டி சிங்கப்பூர்ல வெளிய வரும், அதை எடுக்கவே குடிநுழைவைத் தாண்டியாகணும். ஊர் சுத்தினாலும் சுத்தாட்டியும் ஓமலூர் அக்கா சொன்ன 96 மணி நேர அனுமதி கட்டாயம். இலவசச் சுற்றுலா கிடையாது. திருச்சி விமானம் தாமதமாகி ரெண்டாவது தவறினா ரெண்டாவது கம்பெனி 'வரவில்லை'ன்னு எழுதிட்டுப் போயிடும், பொறுப்பு எடுக்காது. உங்களுக்கு நடுவுல கிட்டத்தட்ட 14 மணி நேரம் இருக்கிறதால அந்தப் பயம் கம்மி. இதே ரெண்டு டிக்கெட்டை மூணு மணி நேர இடைவெளியில போட்டிருந்தா உடனே ரத்து பண்ணுங்கன்னு சொல்லியிருப்பேன்.

மாத்த முடிஞ்சா ஒண்ணு பாருங்க. ஸ்கூட் (சிங்கப்பூர் ஏர்லைன்ஸோட மலிவு விலைக் கம்பெனி) ஓட்டுற திருச்சி விமானத்தையே சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தளத்துல மெல்போர்ன் வரைக்கும் ஒரே டிக்கெட்டாப் போடலாம். இடைவெளி 24 மணி நேரத்துக்குள்ள இருந்தா பெட்டி நேரா மெல்போர்ன், கைப்பையோட வெளிய போகலாம். 24 தாண்டினா அது தங்கல் கணக்கு, பெட்டி கைக்கு வந்துரும். ரத்துக் கட்டணம் எவ்வளவுன்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

ஓமலூர்_அக்கா:
இடம் பாக்கிறது அப்புறம், முதல்ல தூக்கத்தைப் பாருங்க. 7:15-க்கு சிங்கப்பூர்னா திருச்சியில கிளம்புறது நம்ம நேரம் 12:30 வாக்குல. அங்க கடிகாரம் நம்மளை விட ரெண்டரை மணி நேரம் முன்னாடி. சேலத்துல சாயங்காலம் 6 மணிக்குக் கிளம்பி ராத்திரி முழுக்கத் தூங்காம போய் இறங்குவாங்க. டிக்கெட்டுல 12-ம் தேதி 00:30-ன்னு இருந்தா வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது 11-ம் தேதி சாயங்காலம், அதைக் காலண்டர்ல வட்டம் போட்டு வைங்க. இதுல தான் நிறையப் பேர் விமானத்தை விடறாங்க.

ஹோட்டல்ல வழக்கமான செக்-இன் மதியம் 2 அல்லது 3 மணி. காலை 9-க்குப் போனா வரவேற்பறை நாற்காலி தான். பகல் வாடகை அறைன்னு கேட்டுப் பதிவு பண்ணுங்க. ஏர்போர்ட்டை ஒட்டின ஜுவல் கட்டடத்துலயே மணிக்கணக்கு வாடகை அறை உண்டு. உள்பக்கத்துல இருக்கிற டிரான்சிட் ஹோட்டலைப் போட்டுடாதீங்க. மறுபடி செக்-இன் ஆகாம அங்க போக முடியாது. பெரிய பெட்டிக்கு ஒவ்வொரு டெர்மினல்லயும் காசு கட்டி வைக்கிற இடம் இருக்கு.

மதியம் வரைக்கும் தூங்கட்டும். அப்புறம் லிட்டில் இந்தியா ஒண்ணு போதும். டாக்ஸி 25-ல இருந்து 35 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆகும். ரயில்னா எக்ஸ்போ ஸ்டேஷன்ல மாறி டவுன்டவுன் லைன், முக்கால் மணி நேரம், ரெண்டு வெள்ளி சில்லறை, லிஃப்ட் எல்லா ஸ்டேஷன்லயும் உண்டு. வீரமாகாளியம்மன் கோயில் மதியம் நடை சாத்தியிருக்கும், சாயங்காலம் திறந்த பிறகு போங்க. மெரினா பக்கப் பூங்காவுல ராட்சத செயற்கை மரங்கள்ல விளக்கு எரியறது 7:45-க்கு, 9 மணி விமானத்துக்கு அது ஒத்து வராது. மழை எப்ப வேணா கொட்டும், குடை கைப்பையில. 5:30-க்கு ஏர்போர்ட்.

சக்கர நாற்காலி ரெண்டு டிக்கெட்டுலயும் தனித்தனியாக் கேக்கணும், 48 மணி நேரம் முன்னாடி. முதல் கம்பெனியில சொன்னது ரெண்டாவதுக்குத் தெரியாது.

தட்டுவடை_செட்:
அப்பா புகையிலை போடுவாரா? மெல்லுற புகையிலைக்கு சிங்கப்பூர்ல தடை. சிகரெட்டுக்கு ஒரு பாக்கெட் கூட வரிச்சலுகை இல்ல. தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து இருந்தா அவங்க சுகாதார அறிவியல் ஆணையத்துல முன்அனுமதி தேவைப்படலாம், மருந்துச் சீட்டோட பாருங்க. ஊறுகாயைக் கைப்பையில வைக்காதீங்க, அது திரவக் கணக்கு, 100 மில்லி தாண்டினா சாங்கியில கேட்டுலயே எடுத்துடுவாங்க.

ஐந்துரோடு:
மெல்போர்ன்ல கறிவேப்பிலை, வெத்தலை, மாம்பழம் எதுவும் ஆகாது. அக்காவுக்கு மல்கோவா ஆசை இருந்தா இங்க வந்து சாப்பிடட்டும். பால் இனிப்பு வேண்டாம். தட்டுவடை, ஏற்காடு காப்பித்தூள் கொண்டு போகலாம், ஆனா ஆஸ்திரேலியா வருகை அட்டையில உணவுன்னு டிக் போட்டுட்டு எடுத்துக் காட்டணும். டிக் போட்டுட்டு பறிகொடுத்தா பொருள் மட்டும் போகும், மறைச்சா அபராதம்.

கொண்டையூசி20:
இவ்வளவும் அந்தந்தத் தளத்துல இருக்கு. 4,000 ரூபா மிச்சம் பிடிச்சவர் இப்ப பகல் அறை, பெட்டி வாடகை, டாக்ஸி எல்லாம் கூட்டிப் பாக்கட்டும்.

ஓமலூர்_அக்கா:
தளத்துல இருக்கிறதைத் தமிழ்ல ஒருத்தர் சொன்னா என்ன குறைஞ்சு போச்சு? உங்களுக்குத் தெரிஞ்சதுல ஒண்ணையாவது இந்த இழையில எழுதினீங்களா?

கொண்டையூசி20:
சரி, எழுதறேன். மெல்போர்ன் கவுண்டர் விமானத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடி மூடிடும். சீக்கிரமாப் பெட்டி வாங்குற வசதி சில கம்பெனிக்கு உண்டு. இருந்தா காலையிலயே பெட்டியைக் கொடுத்துடலாம், வாடகையும் மிச்சம். கம்பெனி பேரைச் சொன்னா மேல சொல்றேன்.

அஸ்தம்பட்டி_மகன்:
ரத்து பண்ணி ஒரே டிக்கெட்டா மாத்தியாச்சு. கோயமுத்தூர்ல இருந்து. எல்லாருக்கும் நன்றிங்க.

சூரமங்கலம்_ஜங்ஷன்:
அப்படிப் போடு. அவினாசி ரோடு ஜெயிச்சுது.

ஐந்துரோடு:
ரத்துக்கு எவ்வளவு பிடிச்சாங்க? இடைவெளி இப்ப எத்தனை மணி நேரம்? அடுத்து வர்றவங்களுக்கு உதவும்.

கமலாபுரம்_ரன்வே:
கோயமுத்தூர் ரோட்டுல வைகுந்தம், விஜயமங்கலம் டோலைக் கணக்குல சேத்தீங்களா? திரும்பி வர்றப்ப அப்பா அம்மா இறங்கற நேரம் ராத்திரின்னா கார் எங்க நிக்கணும்னும் பாத்துக்குங்க.