கருப்பட்டி விற்கும் தளத்துக்கு ஆள் வரவே மாட்டேங்குது, எங்கிருந்து ஆரம்பிப்பது?

உடன்குடி_பனை

எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்கு உடன்குடி பக்கம். அப்பா காலத்திலிருந்து கருப்பட்டி வியாபாரம்தான். விடிலியில், அதாவது பதநீர் காய்ச்சும் குடிசையில், காய்ச்சுகிறவர்களிடம் நேராக வாங்கி தூத்துக்குடி, மதுரை மளிகைக் கடைகளுக்குப் போடுவோம். இப்போது கடைக்காரர்கள் சீனி கலந்த சரக்கின் விலையைச் சொல்லி அதே விலைக்கு எங்களிடமும் கேட்கிறார்கள், கட்டுப்படியாகவில்லை. அதனால் வீடுகளுக்கே நேரடியாக அனுப்பலாம் என்று வேர்ட்பிரஸில் வூகாமர்ஸ் என்ற கடை மென்பொருளை வைத்து ஒரு தளம் போட்டோம். பணம் கட்டும் வசதி, கூரியர் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. ஒரு தடவை வாங்கியவர்கள் திரும்பவும் வாங்குகிறார்கள், சரக்கில் குறை சொன்னவர் யாரும் இல்லை. ஆனால் தளத்துக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பேர் வந்தால் அதிகம்.

ஒரு மார்க்கெட்டிங் ஆள் போன் பண்ணி, மாதம் எட்டாயிரம் கொடுத்தால் பத்தாயிரம் விசிட்டர், ஐந்நூறு பேக்லிங்க் (வேறு தளங்களிலிருந்து எங்கள் தளத்துக்கு வரும் லிங்க்), ஒரே மாதத்தில் கூகுள் முதல் பக்கம் என்கிறார். வீட்டில் கொடுத்துப் பார்க்கலாமே என்கிறார்கள். பேஸ்புக்கில் போஸ்ட்டை பூஸ்ட் பண்ணினோம், லைக் வந்தது, ஆர்டர் வரவில்லை. பங்குனி, சித்திரையில் புதுக் கருப்பட்டி கைக்கு வந்துவிடும், அதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும். விளம்பரத்துக்கு மாதம் ஐயாயிரம் வரை ஒதுக்கலாம். எதை முதலில் செய்வது என்று சொல்லுங்கள்.

நெல்லை_டெவலப்பர்

தம்பி, காசு செலவு பண்ணுவதற்கு முன்னால் ஒன்று பாருங்கள். கூகுளில் சைட் என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியைப் போட்டுத் தேடுங்கள். உங்கள் பக்கங்கள் வரிசையாக வர வேண்டும். ஒன்றுமே வரவில்லை என்றால் உங்கள் தளம் கூகுளின் கணக்கிலேயே இல்லை என்று அர்த்தம், அப்புறம் யார் என்ன விளம்பரம் செய்தாலும் தேடி வருகிறவர்களுக்கு அது கண்ணில் படாது.

வேர்ட்பிரஸில் இதற்கு அடிக்கடி காரணமாக இருப்பது ஒரே ஒரு டிக்தான். செட்டிங்ஸுக்குள் ரீடிங் என்று இருக்கும், அதில் கடைசியில் தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பட்டியலிட வேண்டாம் என்ற பொருளில் ஒரு கட்டம் இருக்கிறது. தளம் கட்டும்போது டெவலப்பர் அதை டிக் செய்து வைப்பார், வேலை முடிந்ததும் எடுக்க விட்டுப்போகும். அதைப் பார்த்துவிட்டு கூகுளின் சர்ச் கன்சோல் என்ற கருவியில் தளத்தைச் சேருங்கள், இலவசம்தான். சைட்மேப், அதாவது உங்கள் பக்கங்களின் பட்டியல், கொடுங்கள். எந்தப் பக்கம் பட்டியலில் இருக்கிறது, எது இல்லை, ஏன் இல்லை என்று அதுவே சொல்லும்.

அடுத்தது படங்கள். போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றியிருந்தால் ஒவ்வொன்றும் நாலைந்து எம்பி இருக்கும். ஊரில் சுமாரான சிக்னலில் பக்கம் திறப்பதற்குள் ஆள் திரும்பிப் போய்விடுவார். அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைத்து வெப்பி (WebP) என்ற சிறிய கோப்பு வடிவத்தில் மாற்றினால் பெரும்பாலும் 200 கேபிக்குள் வந்துவிடும். கூகுளின் வேகம் பார்க்கும் கருவியான பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் முகவரியைப் போட்டு மொபைல் பகுதியைப் பாருங்கள். பக்கத்தின் பெரிய படமோ எழுத்தோ 2.5 விநாடிக்குள் தெரிந்துவிட வேண்டும் என்பதுதான் கூகுள் வைத்திருக்கிற அளவு. கம்ப்யூட்டரில் வேகமாகத் திறக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள், கூகுள் உங்கள் தளத்தின் மொபைல் வடிவத்தைத்தான் படிக்கிறது.

முடிந்தால் முதல் பக்கத்தின் டைட்டில், அதாவது கூகுள் பட்டியலில் தெரிகிற தலைப்பு, என்ன என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள்.

உடன்குடி_பனை

ரொம்ப நன்றி அண்ணா. நீங்கள் சொன்ன மாதிரி தேடினேன், ஒரு பக்கம்கூட வரவில்லை. ரீடிங்கில் அந்த டிக் இருந்தது! எடுத்துவிட்டேன், சர்ச் கன்சோலிலும் சேர்த்தாயிற்று. முதல் பக்கத்தின் டைட்டில் வெறும் ஹோம் என்றுதான் இருக்கிறது. கருப்பட்டி பக்கத்தில் ப்ராடக்ட் 1 என்று இருக்கிறது. இதை எப்படி மாற்றுவது, என்ன எழுதுவது?

ஊறுகாய்_அக்கா

வணக்கம் தம்பி. நானும் சின்னதாக ஊறுகாய், வத்தல் ஆன்லைனில் விற்கிறேன், அதனால் இதில் மனசு விட்டுச் சொல்கிறேன்.

டைட்டிலில் நீங்கள் என்ன விற்கிறீர்கள், எந்த ஊர் என்பது இருக்க வேண்டும். உடன்குடி பனங்கருப்பட்டி, 1 கிலோ, வீட்டுக்கே அனுப்புகிறோம் என்ற மாதிரி. உங்கள் ஊர்ப் பேர் சாதாரணம் இல்லை, உடன்குடி பனங்கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, அதைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். கருப்பட்டி என்று மட்டும் அடித்தால் பெரிய விற்பனைத் தளங்கள்தான் மேலே நிற்கும், அங்கே போய் முட்டி மோத வேண்டாம். ஊரோடு, எடையோடு, கேள்வியோடு தேடுகிறவர்தான் உங்கள் வாடிக்கையாளர். ஆங்கில எழுத்தில் கருப்பட்டி என்று அடிக்கிறவர்கள், பனைவெல்லம் என்று தேடுகிறவர்கள், பாம் ஜாகரி என்று தேடுகிற வெளி மாநிலத்தவர், எல்லாரையும் மனசில் வைத்துப் பக்கத்துக்குள் எழுதுங்கள். ஆனால் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப அடுக்காதீர்கள், படிக்கவே முடியாது. கீவேர்ட் (தேடல் சொல்) என்று தனியாக ஒரு மெட்டா கட்டம் இருக்கும், அதை கூகுள் பார்ப்பதே இல்லை என்று 2009-லேயே சொல்லிவிட்டார்கள், அதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

இதைவிட முக்கியமானது, உங்கள் வாட்ஸ்அப்பைத் திறந்து வாங்கியவர்கள் என்னென்ன கேட்டார்கள் என்று பாருங்கள். கட்டாயம் இதெல்லாம் வந்திருக்கும்: கரைத்தால் அடியில் கசடு நிற்கிறதே, கலப்படமா? மழைக்காலத்தில் ஏன் இளகிப் போகிறது, எப்படி வைத்துக்கொள்வது? பாலில் போட்டால் திரிந்துவிடுகிறதே? சீனி கலந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? உங்களிடம் கேட்டவர் ஒருவர் என்றால் அதையே கூகுளில் தேடுகிறவர்கள் நிறையப் பேர். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள். உங்கள் அப்பா கருப்பட்டியை உடைத்துப் பார்த்து, வாயில் போட்டுப் பார்த்து எதை வைத்து நல்லது கெட்டது சொல்கிறாரோ அதையே எழுதுங்கள், படத்தோடு. அங்கங்கே காப்பியடித்து எழுதுகிற தளங்களால் அதைக் கொடுக்கவே முடியாது.

அப்புறம் வீடியோ. பனையேறி காலையிலும் சாயங்காலமும் மரமேறிப் பாளையைச் சீவுவது, கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவது, பதநீர் கொதித்துப் பாகாகி நிறம் மாறுவது, சிரட்டையில் ஊற்றுவது. இதையெல்லாம் போனில் எடுத்தால் போதும், பின்னணி இசைகூட வேண்டாம், அடுப்புச் சத்தமே நன்றாக இருக்கும். யூடியூபில் போட்டு விவரக் குறிப்பின் முதல் வரியிலேயே தள முகவரியைக் கொடுங்கள். இன்ஸ்டாவில் ரீல்ஸ் போட்டால் ப்ரொபைலில் லிங்க் இருக்கட்டும். பனையேறியிடம் கேட்டுவிட்டு எடுங்கள், அவர் உழைப்பு அது, அவருக்கும் சம்மதம் வேண்டும்.

ஒன்றே ஒன்று வேண்டாம். சர்க்கரை நோயாளிகள் பயமில்லாமல் சாப்பிடலாம் என்று எழுதாதீர்கள். எத்தனை தளம் அப்படி எழுதினாலும் சரி. கருப்பட்டியும் இனிப்புதான், அதில் பெரும்பங்கு சுக்ரோஸ்தான். அதை நம்பி ஒரு பெரியவர் தினமும் சாப்பிட்டு உடம்புக்கு வந்துவிட்டால் அந்தப் பாவம் நமக்கு வேண்டாம். அதற்குப் பதிலாக உங்கள் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு) உரிமத்தின் 14 இலக்க எண்ணைத் தளத்தில் கண்ணில் படுகிற இடத்தில் போடுங்கள், நம்பிக்கை அதில் வரும்.

விளம்பரக்_கணக்கு

அக்கா சொன்னதற்கு மேல் அந்தப் பகுதியில் சொல்ல எதுவும் இல்லை. அந்த எட்டாயிரம் ரூபாய் விஷயத்துக்கும் விளம்பரத்துக்கும் வருகிறேன்.

கொடுக்காதீர்கள். பத்தாயிரம் விசிட்டர் என்று அவர்கள் அனுப்புவது பெரும்பாலும் ப்ரோகிராம்கள்தான், மனுஷர்கள் இல்லை. தளத்துக்கு வருகிறவர்களைக் கணக்கிடும் அனலிடிக்ஸில் எண்ணிக்கை ஏறும், பக்கத்தில் இருந்த நேரம் கிட்டத்தட்ட பூஜ்யமாக இருக்கும், ஒரு கிலோ விற்காது. அதோடு உங்கள் உண்மையான கணக்கும் குழம்பிப்போகும், எது நிஜமாக வந்த ஆள் என்று பிரிக்கவே முடியாது. ஐந்நூறு பேக்லிங்க் என்பது இன்னும் மோசம். காசுக்கு லிங்க் வாங்கி ரேங்க் ஏற்றுவது கூகுளின் விதிகளுக்கே விரோதம், 2012-இல் பென்குயின் என்ற அப்டேட் வந்ததிலிருந்து அப்படிச் செய்த தளங்கள் நிறைய அடிவாங்கின. முதல் பக்கம் உத்தரவாதம் என்று எவராலும் கொடுக்க முடியாது, கூகுளே தன் வழிகாட்டியில் அப்படிச் சொல்கிறவர்களிடம் ஜாக்கிரதையாக இருக்கச் சொல்கிறது.

உங்கள் ஐயாயிரத்தைக் கூகுள் தேடல் விளம்பரத்தில் போடுங்கள், ஏனென்றால் தேடுகிறவர் வாங்கும் எண்ணத்தில் இருக்கிறார். பேஸ்புக் பூஸ்ட்டில் லைக்தான் வந்தது என்றால், லைக் போடுகிற ஆட்களைத் தேடித்தான் அது காட்டியிருக்கிறது. ஆட்ஸ் மேனேஜருக்குள் போய் விற்பனை என்ற நோக்கத்தைத் தேர்ந்தெடுத்து தளத்தில் யார் வாங்கினார்கள் என்று பேஸ்புக்குக்குச் சொல்கிற பிக்சல் என்ற குறியீட்டையும் பொருத்தினால் வேறு மாதிரி வேலை செய்யும், அதை அடுத்த கட்டத்தில் பார்க்கலாம்.

கூகுள் ஆட்ஸில் புதிதாகக் கணக்கு திறக்கிறவர்கள் பணம் விடுவது மூன்று இடத்தில். ஒன்று, மற்ற தளங்களிலும் ஆப்களிலும் விளம்பரம் காட்டுகிற டிஸ்ப்ளே நெட்வொர்க் என்ற டிக் சேர்ந்தே வரும், அதை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் ஏதோ கேம் ஆப்பில் குழந்தைகள் தட்டுகிற க்ளிக்குக்கு நீங்கள் காசு கட்டுவீர்கள். இரண்டு, இடம் தமிழ்நாடு என்று கொடுத்தாலும் தமிழ்நாட்டில் ஆர்வம் உள்ள வெளிநாட்டவருக்கும் காட்டும்படிதான் அமைந்திருக்கும். அந்த இடத்தில் வசிப்பவர்களுக்கு மட்டும் என்று மாற்ற வேண்டும். மூன்றாவது, கீவேர்டை ப்ராட் மேட்சில் விடாதீர்கள், ஓரளவு தொடர்புள்ள தேடலுக்கெல்லாம் அது காட்டும். அதைவிட நெருக்கமாகப் பொருந்துகிற ஃப்ரேஸ் அல்லது எக்ஸாக்ட் வையுங்கள்.

நெகட்டிவ் கீவேர்ட், அதாவது எந்தச் சொல் வந்தால் விளம்பரம் காட்டக் கூடாது என்ற பட்டியல் ஒன்று கட்டாயம். நீங்கள் சில்லுக்கருப்பட்டியும் விற்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்தப் பேரில் 2019-இல் ஒரு படம் வந்தது, அந்தச் சொல்லைத் தேடுகிறவர்களில் படத்தையும் பாட்டையும் தேடுகிறவர்கள் ஏராளம். படம், பாடல், ஓடிடி, டிரெய்லர், ரிவ்யூ, எல்லாவற்றையும் நெகட்டிவில் போடுங்கள், தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும். செய்முறை, ரெசிபி என்று வருபவர்களையும் விளம்பரத்தில் தள்ளிவிடலாம், அவர்களுக்கு அக்கா சொன்ன கட்டுரைப் பக்கங்கள் இருக்கின்றன. வாரம் ஒருமுறை சர்ச் டெர்ம்ஸ் அறிக்கையைத் திறந்து எந்தச் சொல்லுக்குக் காசு போயிருக்கிறது என்று நீங்களே பாருங்கள், அதை வேறு யாரிடமும் ஒப்படைக்காதீர்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்புகிற லிங்க்குக்கு யூடிஎம், அதாவது எங்கிருந்து வந்தார் என்று காட்டும் குறிப்பு, சேர்த்து அனுப்புங்கள். இல்லாவிட்டால் அங்கிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் டைரக்ட் (நேராக வந்தவர்கள்) என்ற கணக்கில் போய்ச் சேர்ந்துவிடுவார்கள், எது வேலை செய்தது என்றே தெரியாது. ப்ராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்தான் சேர்க்க முடியும், அதுவும் உங்கள் எண்ணை சேவ் செய்தவர்களுக்கு மட்டும்தான் போகும். அதனால் பார்சலுக்குள் வைக்கிற சீட்டிலேயே, எண்ணை சேவ் செய்துகொள்ளுங்கள், புதுக் கருப்பட்டி வந்ததும் சொல்கிறோம் என்று அச்சடித்துவிடுங்கள்.

உடன்குடி_பனை

அண்ணா, அக்கா, எல்லாருக்கும் நன்றி. அந்த ஆளிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சில்லுக்கருப்பட்டி விஷயம் யோசித்தே பார்க்கவில்லை, நாங்களும் விற்கிறோம். இன்னும் ஒரு சந்தேகம். சீசன் முடிந்து சரக்கு தீர்ந்ததும் ப்ராடக்ட் பக்கத்தை எடுத்துவிட்டு அடுத்த வருஷம் புதிதாகப் போடலாம் என்று இருந்தோம். அது சரியா?

நெல்லை_டெவலப்பர்

எடுக்கவே எடுக்காதீர்கள். ஒரு வருஷமாக அந்த முகவரி கூகுளில் சேர்த்து வைத்த இடமெல்லாம் போய்விடும், யாராவது லிங்க் கொடுத்திருந்தாலும் 404, அதாவது பக்கம் இல்லை என்றுதான் வரும். பக்கம் அப்படியே இருக்கட்டும், வூகாமர்ஸில் ஸ்டாக் இல்லை என்று மாற்றுங்கள், அடுத்த சரக்கு எப்போது வரும் என்று ஒரு வரி எழுதுங்கள், பக்கத்திலேயே வாட்ஸ்அப் பட்டன் ஒன்று வையுங்கள். முகவரியில் வருஷத்தைச் சேர்க்காதீர்கள். டிக் இப்போதுதான் எடுத்திருக்கிறீர்கள், கூகுள் எல்லாப் பக்கத்தையும் படித்து முடிக்கச் சில வாரம் ஆகலாம், அதனால் பதநீர் இறங்கும் வரை காத்திருக்காமல் அந்தக் கேள்வி பதில் பக்கங்களை இந்த வாரமே போட ஆரம்பியுங்கள். சர்ச் கன்சோலில் 16 மாதக் கணக்கு நிற்கும், அடுத்த சீசனில் இந்த சீசனோடு வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

உங்கள் குடோனையும் கூகுள் பிசினஸ் ப்ரொபைலில் பதிந்துவிடுங்கள், திருச்செந்தூர் கோயிலுக்கு வருகிறவர்கள் அந்தப் பக்கம் கருப்பட்டிக் கடை எங்கே என்று மேப்பில் தேடுவார்கள். பெயர்ப் பலகை, உள்ளே இருக்கிற சரக்கு எல்லாம் தெரிகிற மாதிரி வீடியோ எடுத்துச் சரிபார்க்கச் சொல்லலாம், அதனால் பலகை இல்லையென்றால் முதலில் அதை எழுதி மாட்டுங்கள்.